ஒரு நிமிடம் நாற்பது விநாடி

சோக்கை இழு, மூன்று எண்ணு, மன்னிப்புக் கேள்,
பிறகு சாவியைத் திருப்பு.
என் ஸ்பிட்ஃபயரை எழுப்ப வேறு வழியில்லை.
அறுபத்தெட்டில் பிறந்தது,
என்னைவிடப் பதினெட்டு வயது மூத்தது.
பாலா ஊர்ப் பாதிரியார் ஒருவர் எனக்கு விற்றார்.
அவர் கண் கலங்கவில்லை;
பாவம் ஒன்றை இறக்கிவைத்த முகம்.

கூரையை மூடினாலும் மழை உள்ளே வரும்.
வேல்ஸில் இது சின்னக் குறையல்ல.
பெட்ரோல் முள் தன் மனநிலையைக் காட்டும், டேங்கை அல்ல.
உட்கார்ந்தால் சாலை இடுப்புக்கு ஒரு சாண் கீழே.
செம்மறிகள் என்னைக் குனிந்து பார்க்கின்றன.

யெஸ்டினின் ஸ்கோடா சாம்பல் நிறம்.
அந்தச் சாம்பலுக்கு விளம்பரத்தில் ஏதோ பெயர் போட்டிருந்தார்கள்,
எனக்கு நினைவில்லை.
இரண்டு குழந்தை இருக்கைகள், பிஸ்கட் தூள்,
ஜோடி தொலைந்த ஒரு காலுறை, ஈர நாய்.
தொட்டால் திறக்கும்,
கோட்டைத் தாண்டினால் முணுமுணுக்கும்,
நெடுநேரம் ஓட்டினால்
காபிக் கோப்பை ஒன்றை வரைந்து காட்டி
கொஞ்சம் இளைப்பாறேன் என்னும்.
எங்கள் வீட்டில் வேறு யாரும்
என்னிடம் அப்படிச் சொன்னதில்லை.

பந்தயம் என் யோசனைதான்.
தினாஸ் மாவ்துவியின் கல்பாலத்திலிருந்து
சிலுவைக் கணவாயின் உச்சி வரை.
எதிரே டிராக்டர் வந்தால்
யாராவது ஒருவர் பின்வாங்கியாக வேண்டிய பாதை.
ஆகவே நான் முன்னால்,
ஐந்து நிமிடம் கழித்து அவன்.

முதல் கியரில் அலறி, இரண்டாவதில் இருமி
ஏறினோம் நானும் அதுவும்.
சாலையின் ஒவ்வொரு கூழாங்கல்லையும்
ஸ்டீயரிங் என் உள்ளங்கையில்
எழுத்துக்கூட்டி வாசித்தது.
இன்ஜின் கொதிக்காமலிருக்க ஹீட்டரைத் திறந்தேன், ஜூன் மாதத்தில்.
கணுக்கால் வெந்தது. காது உறைந்தது.
பெட்ரோல் வாசம், பெரணி வாசம்,
கூடவே ஏதோ கருகும் வாசம்.
பறக்கிறேன் என்று நினைத்தேன்.
சத்தியமாய் நினைத்தேன்.
முள்ளைப் பார்த்தால் முப்பத்தொரு மைல்.

உச்சியில் இறங்கிப்
பல்லில் ஒட்டிய பூச்சியைத் துப்பிக்கொண்டிருந்தேன்,
அவன் வந்து நின்றான்.
வந்த சத்தமே கேட்கவில்லை.
உள்ளே மாப்லி தூங்குகிறாள்,
டூம் வாயில் விரல், நாய் கொட்டாவி விடுகிறது.
மூன்று நிமிடம் இருபது விநாடிதான் ஆகியிருந்தது,
நான் வந்து சேர்ந்து.

கணக்கு யாருக்கும் வரும்.
அவனுக்கே சங்கடம்.
"வேகமாய் வந்த மாதிரியே இல்லை, ஹெலெத்,
வானிலை அறிக்கை கேட்டுக்கொண்டு வந்தேன்" என்றான்,
என் பர்ஸிலிருந்து எடுத்துவிட்டவன் போல.

வேகம் அவனிடம் இருந்திருக்கிறது, அவனுக்குத் தெரியவில்லை.
எனக்குத் தெரிந்த வேகமோ என்னிடம் இல்லவே இல்லை.
இதைச் சொல்ல வாயெடுத்தேன்,
டூம் எழுந்து அழுதான். டயபர்.
ஸ்கோடாவின் பின்கதவைத் திறந்தால்
கட்டில் அளவு இடம்.
ஸ்பிட்ஃபயரும் சும்மா இருக்கவில்லை:
அதன் பானெட்மேல் வைத்த பால் புட்டி
நான்கே நிமிடத்தில் பதமான சூடு.

இறங்கும்போது மாற்றிக்கொண்டோம்.
இருக்கை தானே நகர்ந்து
என் உயரத்தை நினைவுகூர்ந்தது.
ஜன்னலுக்கு வெளியே மலை
ஒலியை அணைத்துவிட்ட தொலைக்காட்சி போல ஓடியது.
கண்ணாடியில் கடுகு மஞ்சளாய் ஒரு பொட்டு,
வளைவுக்கு வளைவு தொலைந்து, வளைவுக்கு வளைவு முளைத்து.
முழங்கால் காதைத் தொட யெஸ்டின்.
மாதத் தவணைகளைப் பென்சிலில் எழுதிவைப்பவன்,
வாயை அகலத் திறந்து எதையோ கத்துகிறான்.
பாட்டா, வசவா, கேட்கவில்லை.
பன்னிரண்டு வருடமாய் நான்
இந்த முகத்தோடா ஊருக்குள் போய் வந்திருக்கிறேன்?

தூறல் விழுந்தது.
யாரும் சொல்லாமலே வைப்பர் எழுந்து
ஒருமுறை துடைத்துவிட்டுப் படுத்துக்கொண்டது.
இப்போது நிறுத்துவான், கூரையைப் போடுவான் என்று
கண்ணாடியையே பார்த்திருந்தேன்.

நிறுத்தவில்லை.